டிகிரி மாப்பிள்ளை

பழனி பக்கம் ஒரு பள்ளியில் என் கணவர் கணக்கு ஆசிரியராக இருந்தார். சான்றிதழ் சரிபார்ப்பில் அவருடைய பட்டம் போலி என்று தெரிந்து வேலை போனது. போலீசார் கைது செய்தார்கள். எனக்கே அன்றுதான் விஷயம் தெரியும்.

அதன்பின் தெருவில் யாரும் என்னோடு பேசவில்லை. குழாயடிக்குப் போனால், நடந்துகொண்டிருந்த பேச்சும் நின்றுவிடும்.

சிறையில் அவரைப் பார்த்தபோது, "எங்கிட்டயாவது சொல்லிருக்கலாமுங்களே" என்றேன்.

"டிகிரி இல்லாதவனுக்குப் பொண்ணு தரமாட்டோம்னு உங்கப்பா சொன்னாரு. அதுக்குத்தான் மொதல்ல அந்த சர்ட்டிபிகேட்ட வாங்குனேன்" என்றார்.

ஜாமீனில் வந்துவிட்டார். வழக்கு நடக்கிறது. வீட்டில் இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. வாய்தாவுக்கு மட்டும் நானும் கூடப் போகிறேன்.

தங்கைக்கு வரன் தேடும் அப்பாவிடம் இப்போது ஒன்று சொல்கிறேன்: "படிப்புக் கொறைவா இருந்தாலும் பரவால்லன்னு மொதல்லயே சொல்லிருங்கப்பா."