பாவாடை நாடா

எனக்கும் தங்கைக்கும் சிறுவயதிலிருந்தே சர்க்கரை நோய். பிரெஞ்சுக் குடியுரிமைக்காரரைக் கட்டிக்கொண்டு பாரீஸ் போனவளுக்கு, இடுப்பில் மாட்டிக்கொண்டால் குழாய் வழியாக உடம்புக்குள் மருந்தை இறக்கும் இன்சுலின் பம்ப்பை அரசாங்கமே கொடுத்தது. இங்கே ஊரில், நெல்லித்தோப்பில் எனக்குத் தினம் நான்கு ஊசி. அவளைப் பார்த்தாலே வயிறெரியும்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்கு வந்தவளுக்கு நான்தான் பட்டுப்புடவை கட்டிவிட்டேன். "பம்ப் குழாய் இருக்கு, பாத்து கட்டுக்கா" என்றாள். மதியத்துக்குள் சர்க்கரை நானூறைத் தொட்டது. பம்ப்பை எத்தனை முறை அழுத்தியும் இறங்கவில்லை. எனக்கு உள்ளூரத் திருப்தி.

"தல சுத்துதுக்கா" என்று அவள் சாய்ந்ததும் பதறிப்போய்ப் புடவையைத் தளர்த்தினேன். பாவாடை நாடாவுக்கடியில் குழாய் மடங்கி நசுங்கிக் கிடந்தது. புது சிரிஞ்சில் என் இன்சுலினை ஏற்றிப் போட்டேன். சாயங்காலம் இறங்கியது.

"நல்லவேள, நீ இருந்த" என்றாள்.

நாடாவை இறுக்கியபோது குழாய் ஞாபகமே இல்லை என்றுதான் இதுவரை எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.