இரண்டு பேர், ஒரு தீப்பெட்டி

போன செவ்வாய்க்கிழமை என் மாமியார் சிங்கப்பூர் காத்தோங் பிள்ளையாரை நூற்றெட்டு சுற்று சுற்றிவிட்டு, முட்டி வலியே இல்லாமல் வெளியே வந்தார்.

எனக்கு அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். எங்கள் அடுக்குமாடி புளோக்கில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது; நிற்கிற மாடியிலிருந்து வீட்டுக்கு ஒரே ஒரு மாடி இறங்க வேண்டும். அதற்கே வழி நெடுக முருகா, முருகா என்பவர் அவர்.

வேண்டுதல் என்னவோ நியாயமானதுதான். இளைய மகனுக்கு அரசாங்கத்தின் எச்டிபி வீடு கிடைக்க வேண்டும். கூடவே அவருடைய தங்கை பாக்கியமும் வந்திருந்தார். அவருக்கும் நூற்றெட்டு. என்ன வேண்டுதல் என்று கேட்டேன். சொன்னால் பலிக்காதாம்!

சுற்றுகளை எண்ணுவது எப்படி? சிலர் பூ வைப்பார்கள், சிலர் புளியங்கொட்டை. எங்கள் வீட்டில் தீக்குச்சி. நூற்றெட்டு குச்சிகளை எண்ணிப் பெரிய சைஸ் தீப்பெட்டியில் போட்டு, பிராகாரத்தில் ஓர் ஓரமாக வைத்துவிட வேண்டும். ஒரு சுற்று முடிந்ததும் ஒரு குச்சியை வெளியே எடுத்துப் போட வேண்டும். பெட்டி காலியானால் வேண்டுதல் முடிந்தது.

"ரெண்டு பேரும் சேர்ந்துதானே சுத்தப்போறோம், எதுக்கு ரெண்டு பொட்டி?" என்றார் மாமியார்.

சேர்ந்துதான் ஆரம்பித்தார்கள். நான்கைந்து சுற்றுகள் ஜோடி போட்டு நடந்தார்கள். பிறகு மாமியார் முட்டிக்குப் பயந்து நடையைக் குறைத்துக்கொண்டார். பாக்கியமோ, தேக்கா மார்க்கெட்டில் நல்ல வஞ்சிரம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டவர் மாதிரி நடந்துகொண்டிருந்தார். பெட்டியைத் தாண்டும்போதெல்லாம் ஒரு குச்சி. மாமியாரும் மெதுவாக வந்து, தன் பங்குக்கு ஒரு குச்சி.

பெட்டி காலி. இருவருக்கும் திருப்தி.

பஸ் ஸ்டாப்பில்தான் நான் வாயைத் திறந்தேன். "அத்தை, குச்சி நூத்தெட்டுதானே? நீங்களும் முடிச்சிட்டீங்க, சின்னத்தையும் முடிச்சிட்டாங்கன்னா எப்படி?"

மாமியார் தங்கையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு...

"நீ எதுக்குடி என் குச்சிய எடுத்தே?"

"உன் குச்சியா? ரெண்டு பேருக்கும் பொதுன்னு நீதானேக்கா சொன்னே?"

பஸ் வந்தது. இருவரும் ஏறினார்கள் — ஒருவர் முன் சீட்டில், ஒருவர் பின் சீட்டில்.

மறுநாள் மத்தியானம் இந்தக் கதையை ஜெசிந்தாவிடம் சொன்னேன். அவளைச் சிரிக்க வைக்க வேண்டியிருந்தது.

ஜெசிந்தா என் ஆபீசில் புரோகிராமர். தோ பாயோ பெண். முன்பு ஒரு கிண்டர்கார்டனில் டீச்சராக இருந்தாள். வீட்டில் எல்லாரும் தலையில் அடித்துக்கொள்ள, அந்த வேலையை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் படித்து வந்தவள். ஆறு மாத புரொபேஷனை பாஸ் மிஸ்டர் டான் ஏற்கெனவே ஒருமுறை நீட்டியிருந்தார். நீட்டியது வீட்டுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை டெமோ. அது ஓடினால் வேலை நிரந்தரம். ஓடாவிட்டால் கிண்டர்கார்டன்... அதோடு, "நான் அப்பவே சொன்னேன்ல?" என்று காத்திருக்கும் அவளுடைய அப்பா.

புரோகிராம் இதுதான். சிராங்கூன் ரோட்டில் ஒரு மளிகை மொத்த வியாபாரி. தீவு முழுக்க அவரிடம் சரக்கு வாங்கும் கடைகள். அந்தக் கடைப் பட்டியலில் ஒவ்வொரு கடையாக எடுத்து, அதே தெருவில் வேறு கடை இருக்கிறதா என்று மறுபடியும் பட்டியல் முழுவதையும் பார்த்து, இருந்தால் ஒரே வேனில் அனுப்ப வேண்டும். ஆக, ஒரே பட்டியலின் மேல் ஒரு சுற்று, அதற்குள் இன்னொரு சுற்று. எங்கள் பாஷையில் லூப்புக்குள் லூப்.

ஓட விட்டால் என்ன நடந்தது தெரியுமா? முதல் கடைக்கு அழகாக வேன் ஏற்பாடு செய்தது. உடனே 'முடிந்தது' என்று நின்றுவிட்டது. மீதிக் கடைகள் எங்கே? கேட்க நாதியில்லை.

வெளிச் சுற்றைத் தனியாக ஓட்டினால் சரி. உள் சுற்றைத் தனியாக ஓட்டினாலும் சரி. இரண்டையும் சேர்த்தால் தப்பு. நானும் பார்த்தேன், எனக்கும் பிடிபடவில்லை. சி ப்ளஸ் ப்ளஸ் என்கிற கம்ப்யூட்டர் மொழி இப்போதுதான் எங்கள் ஆபீசுக்குள் வந்திருக்கிறது. புது மருமகள் மாதிரி, எதற்குக் கோபித்துக்கொள்ளும் என்று யாருக்கும் தெரியாது.

தேக்கா ஹாக்கர் சென்டர் சாப்பாட்டுக் கடையில் அவள் வாங்கிய மீகோரிங் நூடுல்ஸ் அப்படியே இருந்தது. நான் மாமியாரின் நடையைக்கூட நடித்துக் காட்டினேன். சிரிக்கவில்லை. முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"அக்கா, ஆண்டி திரும்பி வரும்போது பொட்டி காலியா இருந்துச்சா?"

"ஆமா லா. அதான் முடிஞ்சிட்டுன்னு நெனச்சிட்டாங்க."

"வேகமா நடந்தவங்க எல்லாத்தையும் காலி பண்ணிட்டாங்க... மெதுவா வந்தவங்க பாத்துட்டு, முடிஞ்சிட்டுன்னு போயிட்டாங்க..." அவள் எழுந்துவிட்டாள். "அக்கா, அதே பிராப்ளம் லா! நம்ம லிஸ்ட்டும் ஒரே தீப்பொட்டிதான்!"

நான் அவளுடைய மீகோரிங்கை முடித்துவிட்டுப் பின்னால் போனேன். வீணாக்குவானேன்?

விஷயம் இதுதான். 'இப்போது எந்தக் கடையில் நிற்கிறோம்' என்கிற அடையாளத்தைப் பட்டியலே தனக்குள் வைத்திருந்தது. ஒரே ஓர் அடையாளம். உள் சுற்று அதைக் கடைசி வரை தள்ளிக்கொண்டு போய்விடும். வெளிச் சுற்று திரும்பி வந்து 'அடுத்தது யார்?' என்று கேட்டால், 'யாரும் இல்லை, முடிந்தது' என்று பதில் வரும். பட்டியல் பொய் சொல்லவில்லை. அதற்குத் தெரிந்ததைச் சொன்னது.

இதற்கு மருந்து? அந்த அடையாளத்தைப் பட்டியலிலிருந்து பிடுங்கி, அதற்கென்று தனியாக ஒரு சின்ன கிளாஸ், அதாவது புரோகிராமுக்குள் ஒரு தனித் துண்டு, எழுத வேண்டும். எந்தச் சுற்று தொடங்கினாலும் தனக்கென்று அதில் ஒன்றை வாங்கிக்கொள்ளும். நான் எங்கே நிற்கிறேன், அடுத்தது எது, முடிந்துவிட்டதா — எல்லாம் அவரவர் கையில். பட்டியலுக்குக் கடைகள் தெரிந்தால் போதும், தன்னை யார் யார் சுற்றுகிறார்கள் என்ற கவலை வேண்டாம். பிள்ளையார் என்ன, எண்ணிக்கொண்டா உட்கார்ந்திருக்கிறார்?

ஆனால் ஒரு சங்கடம். அந்தப் பட்டியல் கிளாஸை எழுதியது மிஸ்டர் டான். எல்லா புரோகிராமிலும் அதுதான். அவர் எழுதியதில் யாரும் கை வைப்பதில்லை, ஆபீசில் அது எழுதாத சட்டம். வேலையே ஊசலாடும்போது, "சார், நீங்கள் எழுதியது தப்பு" என்று எந்தப் பெண் போய்ச் சொல்வாள்?

ஜெசிந்தா போனாள். கையில் ஒரு தீப்பெட்டி.

கண்ணாடிக் கதவு வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மேசை மேல் குச்சிகளைக் கொட்டினாள். இரண்டு விரல்களால் இரண்டு பேர் நடப்பதுபோல் பெட்டியைச் சுற்றினாள், ஒரு விரல் மெதுவாக, ஒரு விரல் வேகமாக. கிண்டர்கார்டன் டீச்சர் அல்லவா, விளக்கச் சொல்லியா தர வேண்டும்? மிஸ்டர் டான் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்கும். அவள் போய்விட்டால் மத்தியானம் நான் யாரோடு சாப்பிடுவது?

அவள் முடித்ததும் மிஸ்டர் டான் தன் டிராயரைத் திறந்தார். உள்ளே துழாவி, இன்னொரு தீப்பெட்டியை எடுத்து முதல் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"மாற்று," என்றார் ஆங்கிலத்தில். "என் புரோகிராம்களிலும்தான்."

வெள்ளிக்கிழமை டெமோ ஓடியது. கடைசிக் கடை வரை ஓடியது. மளிகைக்காரர் மட்டும் ஒரு கடை இரண்டு வருஷம் முன்பே மூடிவிட்டது என்று குறை சொன்னார். அதற்கு நாங்கள் பொறுப்பில்லை. சாயந்தரமே ஜெசிந்தாவுக்கு வேலை நிரந்தரம்.

எனக்கு இதில் உறைத்தது ஒன்றுதான். மாமியார் மேலும் தப்பில்லை, பாக்கியம் மேலும் தப்பில்லை. நானும் என் வீட்டுக்காரரும் ஒரே நாவலை ஒரே அடையாளச் சீட்டு வைத்துப் படித்து, மூன்று நாள் பேசாமல் இருந்திருக்கிறோம். அதிலும் யார் மேலும் தப்பில்லை. ஒரே இடத்தைச் சுற்றுவதில் பிரச்சினையே இல்லை. நீ எங்கே இருக்கிறாய் என்பதை இன்னொருவர் கையில் கொடுக்கும்போதுதான் வம்பு.

வருகிற செவ்வாய்க்கிழமை அக்காவும் தங்கையும் மறுபடி முதலிலிருந்து சுற்றப்போகிறார்கள். ஜெசிந்தா இரண்டு தீப்பெட்டிகள் வாங்கிக் கொடுத்திருக்கிறாள் — ஒன்றில் சிவப்பு ரிப்பன், ஒன்றில் பச்சை.

"நான் வாராவாரம் சனிக்கிழமை நொவினா சர்ச்சுல மாதாகிட்டதான்க்கா வேண்டிக்கிட்டேன்," என்றாள். "பதில் எப்படி உங்க பிள்ளையார் கோயில்லேர்ந்து வந்துச்சு?"

மேலே அவர்களுக்குள் என்ன ஏற்பாடோ, எனக்கென்ன தெரியும்? ஆளுக்கொரு தீப்பெட்டி வைத்திருந்தால் சரி!