அடுக்களைக்கென்று வாங்கிய குழாய்

மணிமுத்தாற்றின் நடுவில் அந்த ஜீப்பை நிறுத்தியது நான்தான். என் வலது கையின் இரண்டு விரல்களால் நிறுத்தினேன். குழாய் கசிந்து எஞ்சினுக்குள் தண்ணீர் போய்விட்டது என்று அன்று எல்லாரும் சொன்னார்கள். இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். குழாய் கசியவில்லை.

இதை வாசிக்கும் உங்களுக்கு என்னைத் தெரியாது. தெரியாதவர்களிடம் சொல்வது எளிதாக இருக்கும் என்று எண்ணித்தான் தொடங்கினேன்... அப்படி இல்லை.

காரைக்குடியில் ஒரு மருத்துவமனையில் நான் தாதி. பிரசவ வார்டில் வேலை. என் கணவர் சவரிமுத்து ஏலத்தில் எடுத்த பழைய ஜீப் ஒன்றை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். அறுபதுகளின் கடைசி அது. பாதை சரியில்லாத ஊர்களுக்குப் போகவேண்டியவர்கள் எங்கள் வீட்டைத் தேடி வருவார்கள். மழைக்காலம் வந்தால் மட்டும் வண்டி வாசலிலேயே கிடக்கும். கண்மாய்கள் நிரம்பி, தரைப்பாலங்களின் மேல் இடுப்பளவு தண்ணீர் ஓடும். எஞ்சின் மூச்சிழுக்கும் வாய் பானட்டுக்குள் தாழ்வாக இருந்தது. அதன் வழியே தண்ணீர் உள்ளே போனால் எஞ்சின் தீர்ந்தது.

அதற்கு வழி கண்டுபிடித்தவர் அருளப்பன். என் கணவருக்குச் சிறுவயது நண்பர். எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்தவர். செக்காலைப் பகுதியில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். இருவரும் ஒருவரையொருவர் மாப்ளே என்று அழைத்துக்கொள்வார்கள். எனக்கு அவர் அண்ணன், அவருக்கு நான் தங்கச்சி. சத்தமாகப் பேசுவார், சத்தமாகச் சிரிப்பார், செய்யப்போவதையெல்லாம் செய்து முடித்ததுபோலச் சொல்வார்.

"தண்ணிக்குள்ள இறங்குற மனுசன் மூக்கைத் தூக்கிக்கிட்டுத்தானே நடக்கிறான்? வண்டிக்கும் மூக்கைத் தூக்கி விட்டுட்டாப் போச்சு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் இருவரும் வண்டிக்கடியில் படுத்துவிடுவார்கள். அவர்கள் பேச்சில் எனக்கு இடமில்லை. சோறு கொண்டுபோய் வைத்தால் ஆறிக் கிடக்கும். ஒரு ஞாயிறாவது என் கணவர் என்னோடும் பிள்ளையோடும் உட்கார்ந்திருக்கக்கூடாதா என்று எனக்கு ஏக்கம். அதை வெளியில் சொல்ல வெட்கம்.

இனிச் சொல்லப்போவது உங்களுக்கு அற்பமாகத் தோன்றலாம். எங்கள் அடுக்களையில் புகை போக வழியில்லை. கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக் கேட்டு, கடைசியில் என் கணவர் ஒரு நீளமான இரும்புக்குழாய் வாங்கிவந்து சுவரில் சாத்திவைத்திருந்தார். ஒருநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் குழாயைக் காணோம். வாசலில் அருளப்பன் அதை வளைத்துப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"அளவு அச்சா இருந்துச்சு தங்கச்சி. உனக்கு வேற வாங்கிப் போட்டுருவோம்."

வேறு வாங்கவே இல்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. கேட்காமல் இருந்து, அந்தக் கோபத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

பானட்டின் பக்கவாட்டில் துளை போட்டார்கள். ஏர் ஃபில்டரிலிருந்து ரப்பர் குழாய், அதிலிருந்து என் இரும்புக்குழாய், கண்ணாடிச் சட்டத்தை ஒட்டி மேலே ஏறிக் கூரையையும் தாண்டி நின்றது. மழை இறங்காதபடி அதன் வாயைப் பின்பக்கமாகத் திருப்பி, மேலே ஒரு தகர மூடி வைத்தார் அருளப்பன். பக்கத்து ஊருணியில் இறக்கிப் பார்த்தார்கள். பானட்டுவரை முங்கியும் வண்டி திக்காமல் கரையேறிற்று. தெருப் பிள்ளைகள் அதற்கு யானை வண்டி என்று பெயர் வைத்தார்கள். "பிள்ளையார்பட்டிக்கு நேர்ந்துவிட்ட வண்டியா அப்பு?" என்று வழியில் போனவர் ஒருவர் கேட்டார். அருளப்பன் சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். வேறு இரண்டு ஜீப்காரர்கள் தங்களுக்கும் அதுபோல வேண்டுமென்று சொல்லிப் போனார்கள்.

அன்று மாலை அருளப்பன் அடுக்களை வாசலில் நின்று எனக்கும் அதை விளக்கினார்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க தங்கச்சி. என்ன நடந்தாலும் தண்ணி நடுவுல எஞ்சினை நிறுத்தக்கூடாது. ஓடுற வரைக்கும் சைலன்சர் வழியா காத்து வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும். நின்னுச்சுன்னா அம்புட்டுத் தண்ணியும் உள்ள ஏறிரும்."

நான் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். ஆனால் கேட்டேன். நன்றாகவே கேட்டேன். ஆகவே, தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லமுடியாது.

அந்தக் கார்த்திகையில் மழை விடவில்லை. அருளப்பனின் மனைவி லூர்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். ஆற்றுக்கு அக்கரையில் சின்ன ஊர். ஒருநாள் அவள் தம்பி நனைந்து குளிர்ந்து பட்டறைக்கு வந்து நின்றான். காலையில் தண்ணீர் குறைவாக இருந்த நேரத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இக்கரைக்கு வந்திருக்கிறான். அக்காவுக்கு வலி கண்டுவிட்டது, பிள்ளை கால் மாறி வருகிறது, மருத்துவச்சி கையைப் பிசைகிறாள் என்று சொன்னான்.

அருளப்பன் மருத்துவமனைக்கு ஓடிவந்தார். "நீ வந்தாப் போதும் தங்கச்சி" என்றார். மைத்துனன் சொன்னதை என்னிடம் சொன்னார். கால் முதலில் வரும் பிள்ளைகளை நான் எடுத்திருக்கிறேன். பெட்டியை எடுத்துக்கொண்டேன். எங்கள் மகனுக்கு அப்போது மூன்று வயது; அவனையும், குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த லூர்துவின் தம்பியையும் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஏறினேன்.

ஆற்றங்கரையில் பிற்பகல் வெளிச்சம் மங்கலாக இருந்தது. தரைப்பாலம் கண்ணில் படவில்லை. ஓரத்துக் கற்களின் தலைகள் மட்டும் தெரிந்தன. அருளப்பன் பானட்டைத் திறந்து, விசிறி சுழன்று தண்ணீரை எஞ்சின்மேல் இறைக்காதபடி அதன் பெல்ட்டைக் கழற்றினார். தண்ணீர் படக்கூடாத இடங்களில் கிரீஸ் அப்பினார். பிறகு வண்டியின் பின்பக்கம் ஏறி, வலப்புறமாக வெளியே தலையை நீட்டித் தண்ணீரின் மட்டத்தைப் பார்த்தபடி நின்றார்.

"போ மாப்ளே. மெல்லப் போ. விட்டுராத."

தண்ணீர் முதலில் என் பாதத்தைத் தொட்டது. பிறகு முழங்கால். பெட்டியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். வண்டி ஒருமுறை பக்கவாட்டில் நகர்ந்தது... ஒரு முழம் இருக்கலாம். அந்த ஒரு முழத்தில் என் மகன் முகம் என் கண்முன் வந்தது. அதுவும் உண்மைதான். ஆனால் எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது! குழாய் சீராக மூச்சிழுக்கும் ஓசை என் காதோரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. பாதிக்குமேல் கடந்துவிட்டோம்.

சாவி எப்போதோ தொலைந்துபோனதால், வீட்டு விளக்குக்குப் போடுவதுபோன்ற ஒரு சுவிட்சை டாஷ்போர்டின் நடுவில் பொருத்தியிருந்தார்கள். என் கை அதன்மேல் போயிற்று. மேலே தட்டினேன்.

எஞ்சின் நின்றது. குழாயின் ஓசையும் நின்றது. உடனே கீழே தட்டிவிட்டேன். என் கணவரின் கண் எதிர்க்கரையில் இருந்தது. அருளப்பனின் கண் தண்ணீரில் இருந்தது. இருவருமே பார்க்கவில்லை.

என் கணவர் ஸ்டார்ட்டரை அழுத்தினார். அழுத்திக்கொண்டே இருந்தார். அது உறுமி உறுமி ஓய்ந்தது. "தண்ணி குடிச்சிருச்சு மாப்ளே" என்றார். பின்னால் நின்ற அருளப்பன் வண்டியின் முகப்புக்குத் தாவி ஏறினார்.

ஏன் தட்டினேன்? பயம் என்று பல ஆண்டுகளாக எனக்கு நானே சொல்லிவருகிறேன். பயந்தவள் அலறியிருப்பாள், நிறுத்துங்கள் என்று கணவரின் கையைப் பிடித்திருப்பாள். நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. எவருக்கும் தெரியாமல் தட்டிவிட்டு, எவருக்கும் தெரியாமல் திருப்பியும் வைத்தேன். பயத்துக்கு இத்தனை சாமர்த்தியம் உண்டா? இந்த வண்டி ஒருமுறையாவது தோற்கவேண்டும், அந்தச் சிரிப்பு ஒருமுறையாவது அடங்கவேண்டும் என்று எனக்குள் இருந்ததா? அக்கரையில் லூர்து துடித்துக்கொண்டிருப்பது தெரிந்துமா? இந்தக் கேள்வியோடு நான் பல பூசைகளில் முழந்தாளிட்டிருக்கிறேன்... விடை கிடைத்ததில்லை. விடை தெரிந்துதான் தேடாமல் இருக்கிறேனோ என்னவோ.

அக்கரையில் ஆள் இல்லை. இக்கரையில் நின்றவர்கள் கயிறு வீசினார்கள். என்னையும் என் கணவரையும் புறப்பட்ட கரைக்கே இழுத்துச் சேர்த்தார்கள். அருளப்பன் எங்களோடு வரவில்லை. வண்டியின் முகப்பிலிருந்து ஆற்றில் குதித்து, வெகுதூரம் அடித்துச் செல்லப்பட்டு, எப்படியோ அக்கரை ஏறினார். மனைவி இருக்கும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அவர் போய் என்ன செய்யமுடியும்? மூடிய கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்.

என் பெட்டி என்னோடு இக்கரையில் இருந்தது.

மறுநாள் காலை தண்ணீர் வடிந்தபின் நான் நடந்தே கடந்தேன். லூர்து பிழைத்துக்கொண்டாள். பிள்ளை பிழைக்கவில்லை. ஆண்பிள்ளை, நல்ல எடை. நான் போயிருந்தால் நிச்சயம் காப்பாற்றியிருப்பேனா? சொல்லமுடியாது. மருத்துவமனையிலேயே அப்படிப்பட்ட பிள்ளைகள் கைவிட்டுப் போனதுண்டு. ஆனால் இந்த வாதத்தை நான் எத்தனை விரைவாகக் கண்டுபிடித்தேன் என்று நினைத்தால் எனக்கே கூசுகிறது.

ஜீப் ஓர் இரவு முழுவதும் ஆற்றில் கிடந்தது. மாடு பூட்டி இழுத்து வந்தபோது அதன் எல்லா உறுப்பிலும் தண்ணீர். எந்த வழியாக ஏறியது என்று எவராலும் சொல்லமுடியாத நிலை. "குழாய்தான் கசிஞ்சிருக்கும், பாவம்" என்று கேட்டவர்களிடமெல்லாம் என் கணவர் சொன்னார். அவர் மனதில் வன்மம் இல்லை. ஆனால் ஊருக்கு அது போதுமானதாக இருந்தது. முன்பு கேட்டுப்போன ஜீப்காரர்கள் மறுபடி வரவில்லை.

இதோடு நின்றிருந்தால்கூட ஒருவேளை என்னை நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். அடுத்து நான் செய்ததுதான் என்னைத் தின்கிறது.

கொஞ்ச நாள் கழித்து அருளப்பன் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் கணவர் வெளியே போயிருந்தார். வண்டியிலிருந்து குழாயைக் கழற்றி, கிணற்றடித் தொட்டிக்குக் கொண்டுபோனார். ஒரு முனையைத் துணியும் தக்கையும் வைத்து அடைத்தார். மறு முனையில் சைக்கிள் பம்பைப் பொருத்தி, குழாயைத் தண்ணீருக்குள் அமுக்கிக் காற்றடித்தார். கசிவு இருந்தால் குமிழி வரவேண்டும். வரவில்லை. திருப்பிப் போட்டு அடித்தார். பற்றவைத்த ஒவ்வொரு இடத்தையும் விரலால் தடவிப் பார்த்து, மறுபடி அமுக்கினார்.

நான் காப்பியோடு நின்றிருந்தேன்.

"எங்குட்டும் ஒரு குமிழிகூட வரலையே தங்கச்சி" என்றார். முகத்தில் தாடி. "பத்தவச்சது நல்லாத்தானே இருக்கு. பெறகு எப்படி?"

அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்கலாம். கேள்வியே அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. நான்தான் அண்ணே என்று இரண்டு சொல் சொன்னால் போதும். என் வாய் திறந்தது. வந்தது வேறு.

"ரப்பர் மாட்டுன இடத்துல போயிருக்கும் அண்ணே. அன்னிக்கே அது கொஞ்சம் தளர்வாத் தெரிஞ்சுச்சு."

அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை. அது இறுக்கமாகத்தான் இருந்தது.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். சந்தேகத்தோடு அல்ல... தேடியது கிடைத்த மனிதனின் பார்வை அது. "அதை முடுக்குனது நான்தானே" என்றார். பிறகு, "ஆத்துல இறங்குறதுக்கு முந்தி ஒருக்காத் தொட்டுப் பாத்திருக்கணும். அவசரத்துல விட்டுட்டேன்" என்றார். காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனார். குழாய் தொட்டிக்குள்ளேயே கிடந்தது.

அதன்பின் அவர் வண்டிகளைத் தொடுவதில்லை. பட்டறையில் ஜன்னல் கம்பியும் கேட்டும் மட்டும் செய்கிறார். என் கணவர் ஜீப்பை விற்றுவிட்டார். இருவருக்குள்ளும் சண்டை ஏதும் வரவில்லை; ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணவர் வீட்டில் இருக்கத் தொடங்கினார். நான் விரும்பியது நடந்தது! அவர் கூடத்தில் உட்கார்ந்து சும்மா வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். எங்களுக்குள் பேச ஒன்றும் இல்லை.

இரண்டொரு ஆண்டில் லூர்து மறுபடி உண்டானாள். இம்முறை தாய்வீட்டுக்குப் போகவில்லை. "மதினி, நீங்க பாத்துக்கிறீகன்னாத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பெண்பிள்ளை சுகமாகப் பிறந்தது. நான்தான் எடுத்தேன். வராந்தாவில் அருளப்பன் கையில் கொடுத்தபோது அவர் பிள்ளையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"அன்னிக்கு ஒன்னைய அங்குட்டுக் கொண்டு சேத்திருந்தா அந்தப் பயலும் இருந்திருப்பான் தங்கச்சி. சேக்காம விட்டது என் குத்தம்" என்றார். பிள்ளையின் ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நான்தான் நிற்கவேண்டும் என்றும் கேட்டார்.

நின்றேன். தீமையை விட்டுவிடுகிறாயா என்று பிள்ளைக்காக என்னிடம் கேட்டார் குருவானவர். விட்டுவிடுகிறேன் என்று கோயிலில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

குருவானவர் முன் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னாயா என்று நீங்கள் கேட்கலாம். கோபம் என்று சொன்னேன், பொறாமை என்று சொன்னேன், பொய் என்றும் சொன்னேன். என்ன பொய் என்று சொல்லவில்லை. சொன்னால் முதலில் அருளப்பனிடம் போய்ச் சொல் என்பார் குருவானவர். அருளப்பனுக்கு இப்போது தெரிந்து என்ன பயன், ஆறிய புண்ணைக் கிளறுவானேன் என்று எனக்கு ஒரு சமாதானம் வைத்திருந்தேன். ஆறிவிட்டது என்று எனக்கு யார் சொன்னது?

இந்த மழைக்காலத்துக்குச் சற்று முன்னால், என் ஞானமகளுக்குப் புதுப் பாவாடை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுக்கு இப்போது எட்டு வயது. அவளை முன்னால் உட்காரவைத்துத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அப்போது வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. ஆற்றோர ஊர்களுக்கு மருந்து கொண்டுபோகும் வண்டி. அதன் ஓட்டுநர், இளைஞர், உள்ளே வந்தார்.

"அண்ணே, முந்தி தண்ணிக்குள்ள போற மாதிரி ஒரு குழா வச்சுக் குடுத்தீகளாமே. எங்க வண்டிக்கும் ஒண்ணு வச்சுத் தாங்களேன். மழை வந்தா அங்குட்டுப் பத்து நாளைக்குப் போக முடியலண்ணே."

அருளப்பன் எழுந்து வாசலுக்குப் போய் அந்த ஜீப்பின் பானட்டைத் தொட்டுப் பார்த்தார். குழாய் எந்த வழியாக ஏறவேண்டும் என்று அவர் கண் அளந்ததை நான் பார்த்தேன். பிறகு கையை எடுத்துவிட்டார்.

"வேணாம் தம்பி. என் கைவேலையை நம்பி ஒரு ஆளும் தண்ணியில இறங்க வேணாம். ஒருக்கா நம்பி இறங்குனது போதும்."

ஓட்டுநர் கெஞ்சிப் பார்த்தார். லூர்து அடுக்களை வாசலில் வந்து நின்றாள். கணவரைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். என் கையில் பிள்ளையின் சடை பாதி பின்னியபடி இருந்தது. எத்தனையோ தடவை நழுவவிட்ட சொல் அன்று என் நாக்கு நுனிவரை வந்தது. வந்து அங்கேயே நின்றது. நான் தலையைக் குனிந்து சடையைப் பின்னி முடித்து ரிப்பன் கட்டினேன்.

ஜீப் போய்விட்டது.

இந்த ஐப்பசியில் ஆற்றில் பெருந்தண்ணீர் வந்தது. தரைப்பாலம் பல நாட்கள் முங்கிக் கிடந்தது, மருந்து வண்டி அக்கரைக்குப் போகவில்லை என்றார்கள். தண்ணீர் வடிந்தபிறகு அக்கரையிலிருந்து பெண்கள் எங்கள் மருத்துவமனைக்கு வரத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் பெயரையும் ஊரையும் கேட்டு எழுதிக்கொள்கிறேன். தண்ணீர் நின்ற அந்த நாட்களில் அங்கே யாருக்காவது ஏதாவது ஆயிற்றா என்று மட்டும் கேட்பதில்லை... கேட்டால் அவர்கள் சொல்லிவிடுவார்கள்.