இசக்கிசெல்வியின் வெள்ளிக்கிழமைத் தப்பு

தாராவியில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் இசக்கிசெல்வியிடம் கொண்டு போ என்பார்கள். அவள் வாய்க்குப் பயந்தால் போகாதே என்றும் கூடவே சொல்வார்கள். இரண்டுமே உண்மை. தொண்ணூறடி ரோட்டில் கடை போடுவதற்கு முன் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த லாமிங்டன் ரோட்டில் ஒன்பது வருஷம் ரிப்பேர் வேலை பார்த்தாள். அங்கே வருகிறவர்கள் அவளைப் பார்த்ததும், ரிப்பேர் செய்கிற ஆளைக் கூப்பிடச் சொல்வார்கள். அவள் பதில் பேசாமல் ஸ்குரூவைக் கழற்றுவாள். மெஷின் ஓட ஆரம்பித்த பிறகுதான் பேசுவாள். அந்தப் பேச்சை வாங்கியவர்கள் மறுபடி யாரையும் கூப்பிடச் சொன்னதில்லை.

அப்பேர்ப்பட்டவளை ஒரு கேமிங் கம்ப்யூட்டர் மூன்று வாரம் அலைக்கழித்தது. அது ஹாஃபிஸாவுடையது. கல்லூரியில் படிக்கிற பெண், ஐந்து பேர் சேர்ந்து ஆடும் அணியில் ஒருத்தி. ஆட்டம் சூடு பிடிக்கிற நேரம் பார்த்து அவள் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்துவிடும். மற்ற நாலு பேரும் அவள் இல்லாமல் ஆடித் தோற்பார்கள். இன்னும் ஒரு தடவை மேட்ச் நடுவில் காணாமல் போனால் வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வோம் என்று முலுண்டில் இருக்கும் கேப்டன் சொல்லிவிட்டாள். ஹாஃபிஸாவுக்குச் சோறு இறங்கவில்லை.

கடையில் மூன்று நாள் விடாமல் ஓட்டிப் பார்த்தாள் இசக்கிசெல்வி. ஒரு சிணுங்கல் இல்லை. வீட்டுக்குப் போனதும் படுத்துவிட்டது. மெமரியை மாற்றினாள், கார்டைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். பழைய கதைதான். அப்புறம், வீட்டிலேயே வந்து பார்க்கிறேன் என்றாள்.

வீடு மாடியில். கீழே ஹாஃபிஸாவின் வாப்பா நாகூர் கனியின் தையல் கார்கானா. எட்டு மெஷின், ஒரு பெரிய இஸ்திரிப் பெட்டி. அவர்கள் வேலைக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது, சத்தமில்லாமல் இருந்தால் தனக்கும் கம்ப்யூட்டர் ஃபேன் ஓசை கேட்கும் என்று, கார்கானாவுக்கு விடுமுறையான வெள்ளிக்கிழமையாகப் பார்த்துப் போனாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை கேம் ஓடியது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை காலை பயிற்சி ஆட்டத்தில் மறுபடி அணைந்தது. மறுநாள் நாலு மணிக்கு மேட்ச். நேற்று பூராவும் ஒன்றும் ஆகவில்லையே என்று ஹாஃபிஸா போனில் அழுதாள். இசக்கிசெல்வி கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். படியேறும்போது கீழே எட்டு மெஷினும் கடகடத்துக்கொண்டிருந்தன. மூன்றாவது படியிலேயே நின்றுவிட்டாள். தலையில் அடித்துக்கொண்டு மேலே போய் மீட்டரைப் பிளக்கில் வைத்தாள். இஸ்திரிப் பெட்டி சூடேறி, மெஷின்களும் ஒன்றாக ஓடும்போது இருநூற்று இருபதில் இருந்த வோல்டேஜ் நூற்று எழுபதுக்கு இறங்கியது. அந்தக் கம்ப்யூட்டரின் பவர் சப்ளை இருநூறுக்குக் கீழே தாங்காது. இரண்டு மாடிக்கும் ஒரே பழைய ஒயர்.

வேறு பவர் சப்ளை மாட்டினால் கம்ப்யூட்டர் சமாளித்துவிடும். வேலை முடிந்தது என்று அவள் கை கழுவியிருக்கலாம். ஆனால் ஒயரைத் தொட்டுப் பார்த்தால் சுட்டது. கீழே துணி அடுக்கிய இடம், ஒரு பொறி போதும். புது ஒயர் இழுக்கும்வரை கார்கானாவையும் கம்ப்யூட்டரையும் சேர்த்து ஓட்ட விடமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றாள். எலெக்ட்ரீஷியன் தாஹிரோ செவ்வாய்க்கிழமைதான் வர முடியும் என்றார்.

மற்றவர்களை வாங்கு வாங்கென்று வாங்குகிற அந்த வாய், நாகூர் கனி முன்னால் தழைந்தது.

“அண்ணே, தப்பு எம்மேலதான். ஒங்க வேலைக்குத் தொந்தரவு ஆவக்கூடாதுன்னு லீவு நாளாப் பாத்து வந்தேன். ஒங்க வேலை நடக்கும்போதுதான் கோளாறே வருது. இத நான் மொதல்லயே பாத்திருக்கணும்.”

திங்கள் காலை அனுப்ப வேண்டிய சரக்கு அவர் காலடியில் கிடந்தது. குனிந்து அதை ஓரமாக நகர்த்தினார்.

“எம் மெஷினாலதான் எம் மவ ஆட்டம் கெட்டுச்சுன்னு சொல்லுதே,” என்றார். “நாளைக்கு நாலு மணிக்கு எட்டையும் நிப்பாட்டுதேன். முடிஞ்சதும் தைச்சுக்கிடுதோம்.”

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கார்கானா அடங்கியது. இசக்கிசெல்வி கடையைப் பூட்டிவிட்டு வந்து, பிளக் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒன்றரை மணி நேரமும் மீட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எந்தக் கம்பெனிக்காரன் இப்படி உட்கார்வான்?

ஹாஃபிஸா ஹெட்ஃபோனைக் கழற்றினாள். “தோத்துட்டோம்க்கா,” என்றாள். முகம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. கடைசிவரை நின்று ஆடியவள் அவள்தானாம். புதன்கிழமை பயிற்சிக்கு வந்துவிடு என்று கேப்டன் சொல்லியிருந்தாள்.

கீழேயிருந்து மெஷினைப் போடலாமா என்று குரல் வந்தது. பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, இசக்கிசெல்வி எழுந்து வந்து கம்ப்யூட்டரைத் தன் கையாலேயே முறையாக அணைத்தாள். திரை இருண்டபோது, அந்த வீட்டில் யாரும் அழவில்லை.