இத்தாலிக்காரருக்குக் கண்ணீர் அஞ்சலி

சங்கரன்கோவிலில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். வலியப் போய்ப் பேசுகிற ஆள் இல்லை நான். போன பொங்கலுக்குப் பனவடலிசத்திரம் வரை சைக்கிள் போட்டி வைக்கலாம் என்று தெருக்காரர்களிடம் ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். பத்துப் பேராவது பெயர் கொடுத்தால் நடத்தலாம், இல்லையென்றால் கோலப்போட்டியோடு சரி என்றார்கள். ஆள் சேர்ப்பது என் பொறுப்பு.

வீடு வீடாகக் கேட்க எனக்கு வாய் வராது. பிளெக்ஸ் பேசட்டும் என்று, கடைச் சுவரில் வெகுகாலமாக இருக்கும் இத்தாலி சைக்கிள் வீரரின் படத்தை அச்சடிக்கக் கொடுத்தேன். பிளெக்ஸ் கடையில் யார் என்று கேட்டார்கள். "பெரிய வீரர். இப்ப உயிரோட இல்ல" என்றேன். அது போதுமாக இருந்திருக்கிறது. மறுநாள் காலை கடைக்கு வந்தால், வாசலில் கட்டிவிட்டுப் போயிருந்த பிளெக்ஸில் இரண்டு குத்துவிளக்குப் படத்துக்கு நடுவே அவர் சிரிக்கிறார். மேலே பெரிதாகக் 'கண்ணீர் அஞ்சலி'. போட்டி விவரம் அடியில் பொடி எழுத்தில்.

கழற்றுவதற்குள் மேலநீலிதநல்லூர் விவசாயி ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாமனாரா வே? நல்ல செவத்த ஆளு. சீக்கா கெடந்தாரோ?"

"இல்ல அண்ணாச்சி, இத்தாலிக்காரரு. மலையில எல்லாரையும் பின்னால விட்டுட்டுத் தனியா ஏறுவாரு. செத்து எத்தனையோ வருசமாச்சு. இன்னைக்கும் அங்கன மலை ரோட்டுல அவரு பேரை எழுதுதாங்க."

"சைக்கிள் மிதிச்சதுக்கா?"

"ஆமா."

"அப்பம் நம்ம பேரையும் எழுதும்வே. நான் மிதிக்காத மிதியா?"

பக்கத்து டீக்கடைக்காரர் சத்தம் போட்டார்: "ஏ, துட்டி கேக்க வந்தவரைப் போட்டிக்கு இழுக்காதேயும்!"

பிளெக்ஸைக் கழற்றவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் அவர் கதையைச் சொன்னேன். முதல் இரண்டு பேரிடம்தான் நாக்கு ஒட்டியது. மூன்று நாளில் பதினான்கு பெயர் சேர்ந்துவிட்டது.

நோட்டைப் பார்த்த தெருக்காரர்கள் போட்டிக்குச் சரி சொன்னார்கள். "ஆனா நல்ல நாளும் பொழுதுமா அஞ்சலி ஆகாதுவே, கழத்திரும்."

"எழுத்த மட்டும் எடுக்கேன். அவரு நிக்கட்டும்" என்றேன். நான் அப்படி எதிர்த்துப் பேசி அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. சரி என்றுவிட்டார்கள்.

கத்திரியால் மேல்பகுதியை நறுக்கினேன், அவர் தொப்பியில் படாமல். பொங்கலன்று பதினான்கு பேரும் அவர் முன்னால்தான் வரிசையாக நின்றார்கள். கொடியை என் கையில் கொடுத்தார்கள். வாங்கி அசைத்தேன்.