நாலாவது வரி காலி

ஏரிக்கரை ஊரான பாலிகேயில், சந்தைக்கு எதிரே ஜோங்கி சியாகானின் ஜெராக்ஸ் கடை. அடையாள அட்டை நகல், கல்யாணப் பத்திரிகை, சாவு அறிவிப்பு, தேவாலயப் பாட்டுத் தாள் எல்லாம் அங்கேதான். ஊரில் பிறந்தவர், கட்டிக்கொண்டவர், செத்தவர் எல்லாரும் ஒரு தடவையாவது அவர் மெஷினுக்குள் போய் வந்தவர்கள். அறுபதை நெருங்கும் வயதில், இனித் தனக்குக் கற்றுக்கொள்ள எதுவும் பாக்கியில்லை என்கிற திமிர் அவருக்குக் கொஞ்சம் இருந்தது. தங்கை மகள் தூமாவின் போன் வந்தபோது அந்தத் திமிரோடுதான் எடுத்தார்.

"மாமா, நீங்களும் அப்பாவும் கள்ளுக்கடையில நாலு பேராப் பாடுவீங்களே, நீங்களே கட்டின பாட்டு, அதை என் கல்யாணத்துல பாடணும். ஜகார்த்தாவுல எங்க பாட்டுக் கோஷ்டி ரெடி. நாலு குரலையும் தனித்தனியா அச்சடிச்சு அனுப்புங்க."

"அதுக்கென்னம்மா, எழுதித் தர்றேன்."

"எண்ணுல எழுதிடாதீங்க. இங்க ஒருத்தருக்கும் அது புரியாது. அஞ்சு கோடு போட்ட தாள்தான்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "அப்பா குரல் அவர் பாடின மாதிரியே இருக்கணும் மாமா. அவரால வர முடியாது. அவர் குரலாவது வரட்டும்."

ஆகட்டும் என்றார். தாய்மாமன் வேறென்ன சொல்வான்? தூமாவின் அப்பா பார்லின், ஜோங்கியின் மச்சான் மட்டுமல்ல, இளமை முழுக்கக் கூட இருந்த சிநேகிதன். போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது.

எங்கள் ஏரிக்கரை ஊர்களில் பாட்டை எண்ணில்தான் எழுதுவோம். ஒன்று என்றால் ச, ஐந்து என்றால் ப. சின்னப் பிள்ளைகூடப் படிக்கும். ஐந்து கோட்டில் முளைகட்டின பயறு மாதிரி தொங்குகிற சமாசாரமெல்லாம் படித்தவர்களுக்கு. ஜோங்கி அந்தப் பயறு போடும் மென்பொருளைக் கணினியில் இறக்கிக்கொண்டு, வாடிக்கையாளரைக் காக்க வைத்துவிட்டு வீடியோ பார்த்துப் படித்தார்.

முதல் அடி புள்ளியில் விழுந்தது. எண்ணுக்குப் பின்னால் புள்ளி வைத்தால் இன்னொரு முழுத் தட்டு இழுக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அவர் பழக்கதோஷத்தில் நீட்ட வேண்டிய இடத்திலெல்லாம் புள்ளி வைத்தார். ஐந்து கோட்டுக்காரர்களுக்கோ புள்ளி என்றால் பாதி நீளம்தான். போட்டுக் கேட்டால், ஒரு காலில் மட்டும் செருப்புப் போட்டவன் மாதிரி பாட்டு நொண்டியது. கணினி கெட்டுவிட்டது என்று அதைத் தட்டினார். ரிப்பேர்க்காரனைக்கூடக் கூப்பிட்டுவிட்டார். தப்பு தன் கையில்தான் என்று தெரிய வந்ததும் மனைவியிடம் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

இரண்டாம் குரல் பாடிய சாவுத் பக்கத்துத் தெருதான். தினமும் காப்பிக் கோப்பையோடு வந்து உட்கார்ந்து தன் பங்கைப் பாடிக் கொடுத்தான். மூன்றாம் குரல் மோனாங், பத்தாம் என்கிற தீவில் கப்பல் பட்டறையில் இருக்கிறான். போனில் பாடி அனுப்பினான். மேல் குரல் ஜோங்கியே. மூன்றையும் கோட்டில் ஏற்றி, கணினியின் குரலில் ஓட விட்டார். மூன்று கிழவர்களும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளாகக் கீச்சிட்டார்கள்.

சாவுத் காப்பியைத் துப்பிவிட்டான். "மச்சான், என்னய்யா இது? நம்ம மூணு பேருக்கும் காயடிச்சுட்டியா?"

"நான் என்ன பண்ண? ஒண்ணுன்னா ஒண்ணுதானே, ஆம்பிளைக்கும் பொம்பிளைக்கும்?"

அதுதான் வினை. எண்ணில் எழுதினால் ஆண் தன் குரலில் பாடிக்கொள்வான். கணினிக்கு அந்த இங்கிதம் இல்லை. வரியின் தொடக்கக் குறிக்குக் கீழே ஒரு குட்டி எட்டு போட்டால் ஆண் குரல் இறங்கும் என்று கண்டுபிடிக்க இன்னும் சில வீடியோக்கள் ஆயின. அதன்பின் பாட்டு தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. தகரக் கூரையில் மழை கொட்ட, கள் புளிப்பும் பன்றிக்கறி வாசமுமாகப் பழைய மாலைகள் அந்த ஒலிபெருக்கிக்குள்ளிருந்து எழுந்து வந்தன. ஜோங்கிக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அதை மறைக்கவும் இல்லை.

ஆனால் நாலாவது வரி காலி. கட்டத்துக்கு ஒன்றாகக் குட்டைக் கறுப்புக் கட்டை தொங்கியது. இங்கே யாரும் பாடவில்லை என்று அதற்கு அர்த்தம்.

"பார்லின் என்னடா பாடினான்?"

"கீழ டும்டும்னு ஏதோ. நீ அவன் பக்கத்துலதானே உக்காருவ?"

பக்கத்தில்தான் உட்கார்ந்தார். முப்பது வருஷம் தோள் உரச உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு, முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டு பார்லின் பாடுவது இப்போதும் தெரிகிறது. காதில் மட்டும் ஒன்றுமில்லை. மேல் குரலில் ராஜா மாதிரிப் பாடுகிறவன் காலுக்கடியில் தரை இருப்பதை எங்கே கவனித்தான்? அது இருந்ததால்தான் பாடவே முடிந்தது. ஜோங்கிக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

"நீயே எதையாவது போட்டு விடு மச்சான். யாருக்குத் தெரியப் போகுது?"

போட்டும் பார்த்தார். கணினி எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டது. கேட்கவும் நன்றாகத்தான் இருந்தது. தூமா இதைக் கேட்டு அப்பா என்று அழுவாள் என்று நினைத்ததும் எல்லாவற்றையும் அழித்தார். சந்தை முடிந்ததும் போன் போட்டு, முடியவில்லை என்று சொல்லிவிடுவதாக முடிவு செய்தார்.

அன்று வெள்ளி, சந்தை நாள். ஜோங்கியின் தங்கை, பார்லினின் மனைவி தியோமினார், கல்யாணக் காகிதங்களை நகல் எடுக்க வந்தாள். கூடையை இறக்கி வைத்தவள், மூன்று குரலும் ஓடிக்கொண்டிருந்த ஒலிபெருக்கியைப் பார்த்தாள்.

"நல்லா இருக்கேண்ணே. யார் பாட்டு?"

"என்ன தங்கச்சி இப்படிக் கேக்குற? உன் புருஷன் பாட்டு. நாங்க நாலு பேரும் பாடினது."

"நான் எங்க கேட்டேன்? கள்ளுக்கடைக்குள்ள நானா வந்தேன்? வீட்டுல அந்த மனுஷன் ஒரு பாட்டுப் பாடினதில்ல. பன்னிக்குத் தீனி வைக்கும்போது மட்டும் ஒரே முணுமுணுப்பு. ஏறாது, இறங்காது. பாடுறதுன்னா ஒழுங்காப் பாடு, இல்லாட்டி வாயை மூடுன்னு எத்தனை தடவ திட்டியிருக்கேன்! பன்னிங்களுக்குத்தான் அது புடிச்சுது."

ஜோங்கி மெஷினை நிறுத்தினார். "அந்த முணுமுணுப்பு ஞாபகம் இருக்கா?"

"எப்படி மறக்கும்? ஒரு ஆயுசு கேட்டிருக்கேன்."

"எனக்காக ஒரு தடவை."

"போங்கண்ணே, கடையில ஆளுங்க இருக்காங்க."

"தங்கச்சி, தயவு பண்ணி."

அவள் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, கூடைப் பிடியைப் பிடித்தபடி முணுமுணுத்தாள். ஒரே இடத்தில் நின்று, ஒரு படி இறங்கி, நெடுநேரம் காத்திருந்து, மறுபடி ஏறியது. தனியாகக் கேட்டால் பாட்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஜோங்கி மனசுக்குள் தன் குரலை அதன்மேல் வைத்தார். தரை காலில் தட்டுப்பட்டது.

திரும்பத் திரும்பப் பாடச் சொன்னார். வரிசையில் நின்ற வாத்தியார் கைக்கடிகாரத்தைப் பார்க்க, "சும்மா நில்லும்யா!" என்று அவர்மேல் பாய்ந்தார். கறுப்புக் கட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்து, அந்த இடத்தில் பயறு முளைத்தது. கடைசிக் கட்டம் நிரம்பியதும் நாலையும் சேர்த்து ஓட விட்டார்.

தியோமினார் முதலில் சிரித்தாள். பிறகு வாயில் கையை வைத்துக்கொண்டாள். மூன்று குரல்களும் அந்த முணுமுணுப்பின்மேல் ஏறி நின்றன.

"இதுக்கா அது?" என்றாள். "நான் அவரைச் சுருதி கெட்ட ஆளுன்னே நெனச்சிட்டிருந்தேனே அண்ணே. கடைசி வருஷம்கூடத் திட்டினேன்."

ஜோங்கி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: "அவன் குரலை மட்டும் தனியாப் போடட்டுமா? மத்த மூணையும் நிறுத்திடலாம். இதுல அது முடியும்."

"வேண்டாம்ணே." தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "தனியா நான் நிறையக் கேட்டாச்சு. எல்லாரோடயும் போடுங்க."