பர்மா தேக்கு

திருச்சியில் கம்பி கட்டிய எதைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினாலும் மரியாதைதான். சத்திரம் ஸ்டாண்டில் ஒரு பெரியவர் எழுந்து, "வீணைங்களா? இப்படி வைங்க" என்று தன் இடத்தைக் கொடுத்தார். வீணைக்குத்தான், எனக்கில்லை. லுங்கியில் சுற்றிய என் பேஸ் கிதார் ஸ்ரீரங்கம் வரை உட்கார்ந்து வந்தது, நான் நின்றுகொண்டு வந்தேன். இது வேறுங்க என்று விளக்கத் தெம்பில்லை. பெரியாஸ்பத்திரியில் என் மனைவி செல்வி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். ஊசி மருந்தை வெளியே வாங்கிவரச் சொல்லிவிட்டார்கள். கையில் காலணா கிடையாது.

என்னைப்போலவே பர்மாவிலிருந்து அகதியாக ரங்கூனில் கப்பலேறிய உங்களுக்கு அந்தத் துறைமுகச் சோதனையைச் சொல்லவா வேண்டும்! செல்வியின் வளையல், தோடு, தாலிக்கொடி எல்லாம் போயிற்று. கிதாரை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டு, வெறும் பலகை என்று விட்டுவிட்டான் ஒருத்தன். ஹோட்டல் பேண்டில் நான் வாசிப்பதற்காக, என் குட்டை விரலுக்கு அளவெடுத்து ஒரு சீனத் தச்சர் இழைத்துக் கொடுத்தது அது. ஆம்ப்ளிஃபையரை அங்கேயே விட்டுவந்தோம். அது இல்லாவிட்டால் இது ஊமை. இங்கே முகாம் கூடாரத்தில் மழை ஒழுகினால் செல்வி தன் புடவையை எடுத்துக் கிதாருக்குப் போர்த்துவாள். அதை விற்கப் போனால் பொன்மலை டான்ஸ் பேண்டுக்காரர்கள், "எங்க கைக்குச் சரிப்படாதுங்க" என்று கைவிரித்துவிட்டார்கள். மிச்சமிருந்தது சித்திரை வீதி ஐயங்கார் ஒருவர்தான். சங்கீதப் பைத்தியம் என்று கேள்வி.

அவர் வீட்டு வாசலை ஒட்டிய ரேழியில் நின்று மீட்டினேன். "நாதமே இல்லையேப்பா" என்றார். சட்டென்று கிதாரின் அடியை அவர் வீட்டுக் கதவோடு அழுத்திப் பிடித்து மறுபடி மீட்டினேன். கரண்ட் போனால் ரங்கூனில் நாங்கள் செய்கிற வித்தை. கதவே அதிர்ந்து பாடியது. "பேஷ்!" என்று கிட்டே வந்தவர், கண்ணை மூடி, விரலை மடக்கிப் பலகையைத் தட்டினார். தாளம் போடுகிறார் என்று நினைத்து, பாவி நான், குஷியாகிவிட்டேன்.

"என்ன மரம்?"

"தேக்குங்க."

"பர்மா தேக்கோ?"

"ஆமாங்க. நானும் அங்கேருந்துதான்..."

"அது கிடக்கட்டும். நம்மாத்துக் கோயிலாழ்வாருக்கு ஒரு பீடம் பண்ணணும். அசல் பர்மா தேக்கு இப்போ எங்கே கிடைக்கறது! அறுத்து இழைச்சுப் பெருமாளை ஏளப்பண்ணிடலாம். கம்பியெல்லாம் நீயே கழட்டிண்டு போயிடுப்பா."

கோயிலாழ்வார் என்றால் அவர்கள் வீட்டுப் பூஜைச் சன்னிதியாம்; ஏளப்பண்ணுவது என்றால் சாமியை அதில் எழுந்தருள வைப்பதாம். "சாமி, அறுக்காதீங்க, இது வாசிக்கிறதுங்க" என்று கும்பிட்டேன்.

"உனக்கு விக்கணுமா, வேண்டாமா?"

விற்றேன். வேறென்ன செய்ய? கம்பிகளைக் கழற்றி லுங்கியில் முடிந்துகொண்டேன். மாமி வந்து பலகைமேல் தீர்த்தம் தெளித்து உள்ளே எடுத்துப்போனாள். நான் ரேழியைத் தாண்டக் கூடாது.

ஊசி போட்டபின் செல்வி கண்ணைத் திறந்தாள். "நல்ல எடத்துக்குத்தானே போச்சு?"

"சாமி ரூமுக்கே போயிடுச்சு" என்றேன். ஓவென்று அழவேண்டும் போலிருந்தது.

அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "போவட்டும். நம்மள்ள அதுக்காவது இந்த ஊர்ல ஒரு வீடு கெடைச்சுதே."